வெட்டலாமா, காத்திருக்கலாமா: பனியில் உறைந்த என் வலது கால்

வலது கால் விரல்களில் எதுவும் தெரியவில்லை. அதுதான் முதல் அறிகுறி. வலி இல்லை, எரிச்சல் இல்லை, குளிர்கூட இல்லை. அதுவரை ஊசியாகக் குத்திக்கொண்டிருந்த குளிர் திடீரென்று நின்றுவிட்டது. வலி நின்றால் நல்லது என்றே நான் நினைத்துப் பழகியவன். அந்த நினைப்பைத்தான் அன்று முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எனக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் பேச எனக்கு வராது. எழுதுவது கொஞ்சம் எளிது, எதிரில் யாரும் நிற்பதில்லை. எங்கள் கரைப் பக்கத்து ஆட்கள் இப்போது குழுவாகச் சேர்ந்து பனிமலைக்குப் போகிறார்கள். பனிச்சறுக்கு (நீளமான இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்குவது) விளையாடிய படங்களைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். அவர்களுக்காகவும், கருத்துப்போன விரலோடு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து யாரை நம்புவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் கம்பெனியிலும் தொட்டியைக் காலி செய்து கழுவுவார்கள். அப்போது போகலாம் என்று ஏற்பாடு செய்தவன் என் மனைவியின் தம்பி குமரேசன். வளைகுடாவில் பல வருடம் டிரைவராக இருந்தவன், இப்போது அறந்தாங்கியில் சொந்த வேன் ஓட்டுகிறான். அவனுக்கு இந்தி தெரியும் என்ற தைரியத்தில்தான் நாங்கள் எல்லோரும் கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முன் வாட்ஸ்அப்பில் பெரிய திட்டம் நடந்தது. புளிக்காய்ச்சல் யார் கொண்டுவருவது, பருப்புப்பொடி எவ்வளவு, கருவாடு ரயிலில் நாறுமா நாறாதா என்று பேசினோம். காலில் என்ன போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. மலையில் யாருக்காவது ஏதாவது ஆனால் பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்றும் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இமாசலத்தில் நாங்கள் போன ஊரின் பெயரை எழுதவில்லை. ஊரின் மேல் குற்றமில்லை.

சரிவின் அடிவாரத்தில் பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடை இருந்தது. முழுவதும் கெட்டி பிளாஸ்டிக், மேலே நான்கு கொக்கி. பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பு போட்ட கால் எனக்கு. விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். குளிருக்கு நல்லதென்று இரண்டு ஜோடி நூல் சாக்ஸ் வேறு மாட்டியிருந்தேன். கால் உள்ளே போகவே பாடுபட்டது.

“இறுக்குது மாப்ள,” என்றேன் குமரேசனிடம்.

அவன் கடைக்காரரிடம் இந்தியில் ஏதோ கேட்டான். அவர் நீளமாகப் பதில் சொன்னார். குமரேசன் திரும்பி, “டைட்டாத்தான் இருக்கணுமாம் மச்சான். லூசா இருந்தா கால் பிசகிருமாம்,” என்றான்.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவு சின்ன அர்த்தமா என்று அப்போதே எனக்கு ஒரு சந்தேகம். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கொக்கியைப் போட்டுக்கொண்டேன்.

எங்களோடு வந்த விசைப்படகு டிரைவர் அந்தோணி முதல் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கடல்ல கச்சான் காத்து சுழட்டி அடிக்கையில நின்னு பொழைச்சவன்யா நானு. இந்த ரெண்டு பலகையில நிக்க முடியல பாரு,” என்று பனியில் உட்கார்ந்தபடியே சிரித்தார். நானும் விழுந்து விழுந்து எழுந்தேன். பூட்ஸுக்குள் பனி போய் சாக்ஸ் நனைந்தது.

விரல் மரத்ததும் நான் பயப்படவில்லை. அதற்குக் காரணம் என் தொழில். எங்கள் கம்பெனியில் தினமும் கால் மரக்கும். உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஐஸ் பாரைத் தூக்கி அடுக்கும்போது கை, கால் இரண்டும் செத்த மாதிரி ஆகும். பக்கத்தில் மிஷினைக் குளிர்வித்து வெளியே வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக ஓடும். அதில் காலை வைத்தால் உயிர் வந்துவிடும். உயிர் வந்ததும் மறுபடி வேலை. இதை ஒரு நாளைக்குப் பல தடவை செய்தே எனக்கு வயதாகிவிட்டது.

மலையிலும் அதையே செய்தேன். மதியம் டீக்கடையில் வெந்நீர் கேட்டு வாங்கிக் காலை வைத்தேன். விரல்கள் சிவந்தன. கூடவே எலும்புக்குள்ளிருந்து ஒரு வலி கிளம்பியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உயிர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதே ஈர சாக்ஸ், அதே பூட்ஸ். மறுபடி சரிவுக்குப் போனேன்.

எங்கள் ஐஸ் கம்பெனியை விட்டு வெளியே வந்தால் வெயில் இருக்கும். அந்த மலையில் பிற்பகலில் வெயில் போய்விட்டது. உறைந்து, இளகி, மறுபடி உறைந்த சதைதான் மிக மோசமாகச் சாகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பூட்ஸைக் கழற்றியபோது முன்பாதம் மெழுகுவத்தி நிறத்தில் இருந்தது. அமுக்கினால் குழி விழவில்லை. அந்தோணி எட்டிப் பார்த்து, “என்னய்யா, கோயில் செலைக்கு இருக்குற கால் மாதிரி இருக்கு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் கொப்புளங்கள் வந்தன. சிலதில் தண்ணீர், சிலதில் கருஞ்சிவப்பு ரத்தம். யாரும் பார்க்காதபடி மேலே கம்பளி சாக்ஸை மாட்டிக்கொண்டு வந்தேன். திருச்சியில் இறங்கும்போது கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் கருநாவல் நிறத்தில் இருந்தன.

எங்கள் பக்கத்தில் கால் விரல் கருத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சர்க்கரை.

ஊர் டாக்டர் சாக்ஸைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை வருசமா சுகர் இருக்கு?” இல்லை என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பார்த்தார். அதுவும் இல்லை. ஆனாலும் சந்தேகம் தீராமல் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுவதைப் போலவே கட்டிவிட்டார்.

வீட்டில் லெட்சுமி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். என் மனைவி மீன் வாங்கி விற்பவள். விலை பேசுகிற அதே குரல்.

“நெசத்தைச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம மாத்திரை எதுவும் திங்கிறீங்களா?”

“இல்ல லெட்சுமி. பனியில ஆனது.”

“பனியில கால் கருகுமா? தீயில கருகும், கேட்டிருக்கேன். பனியில கருகுனதா நம்ம பக்கம் யாரு சொல்லிக் கேட்டிருக்கோம்?”

பார்க்க வந்தவர்களும் அதையே வேறு வேறு மாதிரி கேட்டார்கள். “இத்தனை வருசம் ஐசுலயே நின்ன ஆளு. ஐசு எப்படிய்யா ஒன்னியக் கடிக்கும்?” என்றார் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர். குடித்துவிட்டு எங்காவது தீயில் காலை விட்டிருப்பேன் என்று வெளியே பேச்சு போனது. சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார்கள்.

எனக்கும் ஒவ்வொரு ஆள் மேலும் ஒரு சந்தேகம். முதல் சந்தேகம் குமரேசன் மேல். அந்தக் கடைக்காரர் உண்மையில் என்ன சொன்னார்? சீக்கிரம் முடித்து எல்லோரையும் மேலே ஏற்ற வேண்டும் என்று இவனே ஏதோ சொல்லிவிட்டானா? கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன். வைத்த இடத்தில் அது வளர்ந்தது.

குமரேசன்தான் என்னை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். அங்கே இருந்த அறுவை மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்தார். கேங்ரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போவது) என்றார்.

“நாளைக்குக் காலையில எடுத்துரலாம். விரல் மட்டும் எடுத்தா ஆறாது. முன்பாதம் வரைக்கும் எடுக்கணும்.”

“எனக்கு சுகர் இல்லைங்க,” என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

“இப்ப இல்ல. முன்னாடி இருந்திருக்கும்.”

வராந்தாவில் குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “சரின்னு சொல்லுங்க மச்சான். எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன். நாளைக்கே முடிச்சிருவோம்.”

எதற்கு இவ்வளவு அவசரம் என்று யோசித்தேன். காலை வெட்டிவிட்டால் கேள்வியும் முடிந்துவிடும், பூட்ஸைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று இவன் நினைக்கிறானோ? கையை மெதுவாக உருவிக்கொண்டேன்.

முன்பாதம் இல்லாமல் ஐஸ் கம்பெனியில் வேலை இல்லை. தொட்டியின் மேல் போட்ட பலகைகள் எப்போதும் ஈரமாக இருக்கும். அதில் விரலை ஊன்றித்தான் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதை மட்டும்தான் அப்போது நினைத்தேன். “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்,” என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் லெட்சுமியோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். தலையில் நரை, பேச்சில் அவசரமில்லை. நான் பனி என்று சொன்னதும் அதற்கு மேல் சர்க்கரையைப் பற்றிக் கேட்காத முதல் ஆள் அவர்தான். டாப்ளர் (கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கும் சோதனை) செய்தார். கட்டைவிரல் பக்கம் தவளை கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. சுண்டுவிரல் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

“இது ஃப்ராஸ்ட்பைட். பனிக்கடின்னு சொல்லலாம். கடுங்குளிர்ல சதையே உறைஞ்சு போறது,” என்றார். பிறகு, “நான் இதுவரைக்கும் ஒரு கேஸ்கூடப் பாத்ததில்லைங்க. படிச்சதுதான்,” என்றார்.

பார்த்ததே இல்லை என்று சொல்கிறவரை எப்படி நம்புவது? ஆனால் மருத்துவர் ஒருவர் எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

“இப்ப வெட்ட வேணாம். காத்திருப்போம். மாசக் கணக்குல ஆகலாம். செத்தது எது, உயிரோட இருக்கறது எதுன்னு காலே ஒரு கோடு போட்டுக் காட்டும். அதுக்கப்பறம் தேவையானதை மட்டும் எடுத்தாப் போதும்.”

சும்மா இருப்பது ஒரு வைத்தியமா? இங்கே படுக்கை இல்லை, அதனால் தட்டிக் கழிக்கிறாரோ என்று நினைத்தேன். லெட்சுமி என் தோளை இடித்தாள். “பாத்துக்கிட்டே இருக்கப்போறாகளாம். எந்திரிங்க, போவோம்.”

அந்த மருத்துவர் எங்களைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து வீடியோவில் ஒருவரை அழைத்தார். ராணுவத்தில் பனி எல்லையில் மருத்துவராக வேலை செய்து ஓய்வு பெற்றவர், தன்னோடு படித்தவர் என்றார். படத்தில் வந்தவர் திருநெல்வேலிப் பேச்சில் பேசினார். என் காலைப் பல பக்கமும் காட்டச் சொன்னார்.

“அண்ணாச்சி, ஒரு விசயம் கேக்கேன். நடுவுல ஒருக்கா காலைச் சூடு பண்ணீங்களோ?”

நான் காலைப் பின்னால் இழுத்தேன்.

“சூடு பண்ணி, உணர்ச்சி வந்து, மறுபடியும் பூட்ஸை மாட்டியிருக்கீங்க. சரிதானே?”

டீக்கடை வெந்நீரைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. லெட்சுமியிடமும் இல்லை. கூட வந்தவர்கள் அப்போது உள்ளே ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கைப்பேசியில் என் விரலைப் பார்த்து, இவர் அதைச் சொல்கிறார்.

“ஆமாங்க,” என்றேன்.

“இதே தப்பைப் பண்ண பயலுவளை நான் நெறைய பாத்திருக்கேன். பயப்படாதீங்க. முதல் நாளே வந்திருந்தா ரத்தக் கட்டியைக் கரைக்க மருந்து இருக்கு, அந்த நேரம் போயிட்டு. இனிமே அவசரப்பட்டு வெட்டுனா நல்ல சதையும் சேந்து போயிரும். டாக்டரம்மா சொல்லுறதைக் கேளுங்க.”

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு மற்றவர்களைவிட இவர்களைக் குறைவாகச் சந்தேகப்பட்டேன். என் நிலையில் அது போதுமானதாக இருந்தது.

வீட்டில் சண்டை நடந்தது. குமரேசன் வந்து சத்தம் போட்டான். லெட்சுமி அழுதாள். அப்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது.

“எங்கப்பாவுக்கும் இப்படித்தான், பாப்போம் பாப்போம்னு எலையைக் கட்டி வச்சிருந்தாக. வெரல்ல இருந்தது முட்டிக்கு வந்துச்சு. முட்டியில இருந்து மேல போயிருச்சு. நானும் இவனும் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தோம்.”

என் மாமனார் சர்க்கரைப் புண்ணில் போனவர் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கள் கல்யாணத்துக்கு முந்தி நடந்தது. அந்தக் காலோடு என் காலைச் சேர்த்து நான் நினைக்கவில்லை. அவர்கள் இருவரும் என் கட்டைப் பார்த்தபோதெல்லாம் அவருடைய காலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை போனபோது லெட்சுமி அதை மருத்துவரிடமே சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டுக்கொண்டார்.

“அம்மா, அது ஈரமா அழுகுன புண்ணு. அதுல காத்திருக்கக் கூடாது. இது காயுற புண்ணு. காயுறவரைக்கும் ஆபத்தில்ல. ஆனா இதுவும் ஈரமா மாறலாம். அதனால நீங்க இதை நம்பவே கூடாது. தினமும் சந்தேகப்படணும். நாத்தம் வருதா, காய்ச்சல் அடிக்குதா, செவப்பு மேல ஏறுதா? ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே இங்கிட்டு வந்துரணும்.”

லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாத்தம்தானே? அது எனக்குத் தெரியும்,” என்றாள்.

மீன் வாங்கும்போது அவள் அதன் கண்ணைப் பார்க்க மாட்டாள், செவுளைத் தூக்கி மோந்து பார்ப்பாள். ஐஸில் போட்டு மறைத்த மீனையும் கண்டுபிடித்துவிடுவாள். அன்று முதல் காலையில் மீன் ஏலம் போடும் வாடிக்குப் போவதற்கு முன் என் காலை மோந்து பார்ப்பது அவள் வேலையானது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவாள், கட்டை அவிழ்ப்பாள், குனிந்து மூச்சை இழுப்பாள். மறுபடி கட்டுவாள். எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் காலை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

“என்ன லெட்சுமி?”

“நேத்து மாதிரிதான். சரக்கு இன்னைக்கும் தாங்கும்.”

பீடியை மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அது ரத்தக்குழாயைச் சுருக்குமாம். நிறுத்தினேனா என்று லெட்சுமி அதையும் மோந்து பார்த்தாள்.

நாட்கள் போனது எனக்குத் தெரியவில்லை. நிறம் போனதுதான் தெரிந்தது. கருநீலம் கறுப்பானது. கறுப்பு காய்ந்து, வற்றி, அடுப்புக்கரி மாதிரி இறுகியது. பிறகு ஒரு நாள் கறுப்புக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய ஒரு கோடு தெரிந்தது. மருத்துவர் சொன்ன கோடு. நான்கு விரலும் போய்விடும் என்று நினைத்திருந்தோம். கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் கறுப்புத் தோல் ஓடு மாதிரி உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. இதுவும் ஏமாற்றுமோ?

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் ஒரு காலையில் லெட்சுமி குனிந்தாள், நிமிரவில்லை. மறுபடி மூச்சை இழுத்தாள்.

“கிளம்புங்க,” என்றாள்.

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. காய்ச்சலும் இல்லை. “பொறு, சாயங்காலம் பாப்போம்,” என்றேன்.

“பாப்போம்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தையே இந்த வீட்டுல வேணாம்.” தம்பிக்குப் போன் செய்தாள்.

குமரேசன் வழியெல்லாம் கண்ணாடியில் என் காலைப் பார்த்துப் பார்த்தே வேனை ஓட்டினான். அன்றே வெட்டியிருந்தால் இது வந்திருக்காது என்று அவன் நினைக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவன் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் நினைத்தேன். பாதிப் பாதத்தைக் கொடுக்க மனமில்லாமல் முழங்காலைக் கொடுக்கப் போகிறேனோ என்று நினைத்தேன்.

மருத்துவர் பிரித்துப் பார்த்தார். சுண்டுவிரலின் அடியில், வெளியே தெரியாத இடத்தில், ஈரம் புகுந்து சீழ் வைத்திருந்தது. “நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் எலும்புக்கு ஏறல,” என்றார். சுண்டுவிரலையும் அதற்கடுத்ததையும் அன்றே எடுக்க வேண்டும், மற்றவை இருக்கட்டும் என்றார். “யாரு கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். லெட்சுமி முந்தானையால் மூக்கை மறைத்துக்கொண்டாள்.

அறுவை அறைக்கு வெளியே தள்ளுவண்டியில் என்னைக் காத்திருக்க வைத்திருந்தார்கள். குமரேசன் பக்கத்தில் நின்றான். அப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

“மாப்ள. அந்தப் பூட்ஸுக்கடைக்காரரு டைட்டா இருக்கணும்னு சொன்னாரா, நீயாச் சொன்னியா?”

அவன் சுவரைப் பார்த்தான். “அவரு என்னென்னமோ சொன்னாரு மச்சான். எனக்குப் பாதி வெளங்கல. நான் பேசுற இந்தி, முதலாளிகிட்ட வண்டி ரெடின்னு சொல்ற இந்தி. எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு நின்னீங்க. தெரியலன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.”

கூச்சம் என்பது எனக்கு மட்டும் உள்ள வியாதி என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

“அதான் வெட்டிருவோம்னு நின்னியா?”

“இல்ல மச்சான். எங்கப்பா மாதிரி நீங்களும் போயிட்டா எங்கக்கா மொகத்துல எப்படி முழிக்கிறது?”

அவன் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். உள்ளே தள்ளும்வரை அங்கேயே இருந்தது.

இரண்டு விரல்கள் போயின. நடுவிரலின் நுனி பிறகு ஒரு நாள் கட்டோடு கட்டாகக் காய்ந்து கழன்று வந்தது, வலியே இல்லை. முன்பாதம் மிச்சம். அவசரப்பட்டிருந்தால் அது போயிருக்கும். அதற்காக அந்தத் தனியார் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் வரும் கறுத்த விரல்களில் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். எந்த மருத்துவர் சொன்னாலும், ஏன் என்று இன்னொருவரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஆனால் உங்களுக்கு ஈரப்புண்ணோ காய்ச்சலோ இருந்தால், என் கதையைச் சொல்லிக் காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள்.

பனிக்குப் போகிறவர்களுக்கு: பூட்ஸுக்குள் விரலை ஆட்ட முடியவில்லை என்றால் வேறு கேளுங்கள், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி. சாக்ஸ் ஒரு ஜோடி போதும், கம்பளியாக இருக்கட்டும். காய்ந்த இன்னொரு ஜோடி சட்டைக்குள் இருக்கட்டும். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொண்டு ஒருவர் மூக்கையும் காதையும் மற்றவர் அடிக்கடி பாருங்கள். விரல் தெரிகிறதா என்று கேளுங்கள், கேலி செய்தாலும் கேளுங்கள். மரத்துப்போனால் அன்றைய விளையாட்டு முடிந்தது. தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. மறுபடி குளிருக்குப் போக வேண்டியிராத இடத்தில், ஆஸ்பத்திரியில், வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரி எங்கே என்பதைக் கருவாடு பற்றிப் பேசுவதற்கு முன்பே பேசி வையுங்கள். கூட வருகிறவருக்கு நிஜமாகவே பாஷை தெரியுமா என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வார்.

முதலாளி என்னை மிஷின் அறைக்கு மாற்றியிருக்கிறார். தரை காய்ந்திருக்கும், மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. ஒரு தடவை உறைந்த கால் சீக்கிரம் மறுபடி உறையும். கார்த்திகை மழையில் உடம்புக்கு முன்னால் அந்தக் காலுக்குக் குளிர் தெரிகிறது. இல்லாத சுண்டுவிரல் அரிக்கிறது. சொறியக் கை போய்த் திரும்புகிறது. காலையில் எழுந்ததும் தரையில் காலை வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். தரை தெரிந்த பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது. முன்பு கம்பெனிச் சங்கு ஊதியதும் தொடங்கும்.

கட்டில்லாமல் நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன நாளில் ஆசையாகப் படகுத்துறைப் பக்கம் போனேன். தண்ணீர் வற்றிய நேரம், கரையோரச் சேறு மெத்தென்று இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகுகள் கட்டியிருந்த இடம்வரை நடந்தேன். திரும்பி வரும்போது சேற்றில் ஒரு தடம் பார்த்தேன். இடது கால் ஒழுங்காக இருந்தது. வலது காலில் ஓரத்து விரல்கள் பதியவில்லை, குதிகால் ஆழமாகப் புதைந்திருந்தது. யாரோ நொண்டி ஆள் இந்தப் பக்கம் போயிருக்கிறான், எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லையே, யாராக இருக்கும் என்று சந்தேகத்தோடு நின்று பார்த்தேன். தடம் நான் போன வழியிலேயே போயிருந்தது.

கொஞ்சம் தள்ளி, அதை மிதிக்காமல் நடந்து வீட்டுக்கு வந்தேன்.